ஒளிக்கூரையின் கீழ் ஒரு பழைய தெரு



லாஸ் வேகஸ் என்ற பெயரைக் கேட்டதும் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது ‘ஸ்ட்ரிப்’ எனப்படும் அந்த நீண்ட சாலைதான். நடனமாடும் நீரூற்று, ஈஃபல் கோபுரத்தின் நகல், பிரமிட் வடிவ ஹோட்டல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சுற்றுப்பயணிகள் படம் பிடித்துக்கொண்டு வருவதும் அங்கேதான். ஆனால் அந்தச் சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகரத்தின் எல்லைக்குள் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

அது தற்செயலாக நடந்ததன்று. நகர எல்லையை விரிவாக்கி அந்தச் சாலையையும் உள்ளே கொண்டுவந்தால் வரி வசூலிக்கலாம் என்ற எண்ணம் நகர மன்றத்துக்கு இருந்தது. ஃபிளமிங்கோ முதலிய சூதாட்டக்கூடங்களை நடத்தியவர்கள் முந்திக்கொண்டார்கள். 1950-ஆம் ஆண்டில் ‘பாரடைஸ்’ என்ற பெயரில் அந்தப் பகுதியைத் தனி ஊராக அறிவிக்கும்படி கிளார்க் மாவட்ட நிர்வாகத்தை இசைய வைத்தார்கள். பாரடைஸ் என்றால் சொர்க்கம். நகர வரி இல்லாத இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

ஆகவே உலகமே லாஸ் வேகஸ் என்று கொண்டாடும் இடத்திலிருந்து லாஸ் வேகஸ் நகர மன்றத்துக்கு வரவேண்டிய வரி வருவதில்லை. நகரத்துக்கென்று இருப்பது அதன் பழைய மையமும், அங்குள்ள ஃப்ரீமோன்ட் தெருவும்தான். அந்தத் தெரு நொடித்தபோது அதைத் தூக்கி நிறுத்த நகரம் என்ன செய்தது, அது யார் செலவில் நடந்தது என்பதே இன்றைய உரையின் பொருள். சூதாட்டக்கூடங்கள் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலமுறை நடந்துவிட்டது. சூதாட்ட வட்டாரம் ஒன்று மூப்படைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அந்த அனுபவம் லாஸ் வேகஸுக்கு உண்டு.

ரயில் நிலையத்தில் தொடங்கிய தெரு

1905-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி, செனட்டர் வில்லியம் கிளார்க்கின் ரயில் நிறுவனம் பாலைவனத்தில் மனைகளைப் போட்டு ஏலம் விட்டது. அன்று பிறந்த ஊர் லாஸ் வேகஸ். ரயில் நிலையத்தின் எதிரே நீண்டு சென்ற தெரு ஃப்ரீமோன்ட். 1906-இல் அங்கே திறக்கப்பட்ட ஹோட்டல் நெவாடா பிற்பாடு ‘கோல்டன் கேட்’ என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. ஊரில் முதன்முதலாகத் தார் போடப்பட்டதும் இந்தத் தெருவுக்குத்தான்.

1931-இல் இரண்டு காரியங்கள் சேர்ந்தாற்போல் நடந்தன. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பக்கத்தில் ஹூவர் அணைக்கட்டு வேலையும் தொடங்கியது. கையில் கூலிப் பணத்தோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், கண்ணெதிரே சட்டம் அனுமதித்த சீட்டு மேசை. தெரு செழித்ததில் வியப்பில்லை. 1941-இல் எல் கோர்ட்டெஸ், 1946-இல் கோல்டன் நகெட், 1951-இல் பென்னி பினியனின் ஹார்ஸ்ஷூ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்படும் போக்கர் உலகத் தொடர் 1970-இல் அந்த ஹார்ஸ்ஷூவில்தான் ஆரம்பித்தது.

நியான் விளக்குகள் அந்தத் தெருவில் எவ்வளவு நெருக்கமாக எரிந்தன என்றால், ‘மினுக்குப் பள்ளத்தாக்கு’ என்ற பொருள்படும் பட்டப்பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1951-இல் பயனியர் கிளப் என்ற சூதாட்டக்கூடத்தின் முகப்பில் ஏறத்தாழ 40 அடி உயரத்தில் ஒரு மாட்டுக்காரன் உருவம் ஏற்றப்பட்டது. வாயில் சிகரெட், தலையில் அகன்ற தொப்பி, வருவோரைக் கையசைத்து அழைக்கும் தோரணை. ‘வேகஸ் விக்’ என்று ஊரார் அவனை அழைத்தார்கள். அந்தத் தெருவின் கதையைச் சொல்பவர்கள் யாரும் இந்த மாட்டுக்காரனைத் தவிர்க்க முடியாது.

வாடிக்கையாளர் திசைமாறினார்

சரிவு மெல்ல மெல்லத்தான் வந்தது. 1978-இல் நியூஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் சூதாட்டக்கூடம் திறந்தது. சூதாட நெவாடாவுக்குத்தான் போகவேண்டும் என்ற நிலை மாறியது. 1988-இல் பூர்வகுடி அமெரிக்கர்களின் நிலங்களில் சூதாட்டத்தை முறைப்படுத்தும் கூட்டரசுச் சட்டம் வந்தது. ஆனால் ஃப்ரீமோன்ட் தெருவின் மீது விழுந்த பெரிய அடி மிகப் பக்கத்திலிருந்து வந்தது. 1989 நவம்பரில் ஸ்டீவ் வின் ஸ்ட்ரிப்பில் திறந்த ‘மிராஜ்’ ஹோட்டலின் வாசலில் செயற்கை எரிமலை வெடித்தது. அறை, உணவு, நிகழ்ச்சி, கடை, சூதாட்டம் அனைத்தும் ஒரே கூரையின் கீழ். வருகையாளர் அங்கே நுழைந்தால் வெளியே வர வேறு காரணமே இல்லை. (அந்த மிராஜும் 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. அந்தத் தொழிலில் ஒரு தலைமுறைதான் ஆயுள் போலும்.)

ஃப்ரீமோன்ட் தெருவின் கூடங்களோ சிறியவை, நெருக்கமானவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். அது ஒரு காலத்தில் அந்தத் தெருவின் பலமாக இருந்தது. இப்போது நடப்பதற்கு ஆள் இல்லை.

நகர மன்றம் 1986-லேயே மறுமேம்பாட்டு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. அதற்குப் பணம் வரும் வழியைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் மொத்தக் கதையின் சூட்சுமம் அதில் இருக்கிறது. ஒரு வட்டாரம் ‘நலிந்த வட்டாரம்’ என்று அறிவிக்கப்படும் நாளில் அங்குள்ள சொத்துவரித் தொகை அடித்தளமாகக் குறிக்கப்படுகிறது. ஒரு கடைக்கு அன்று வரி 1,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் சொத்தின் மதிப்பு கூடி அதே வரி 1,500 டாலர் ஆகிறது. பழைய 1,000 டாலர் வழக்கம்போல் மாவட்டத்துக்கும் பள்ளிகளுக்கும் போகிறது. கூடுதலாக வந்த 500 டாலர் மறுமேம்பாட்டு அமைப்பின் கைக்குப் போகிறது. அதை வைத்து அந்த வட்டாரத்திலேயே செலவு செய்யலாம், கடன்பத்திரமும் வெளியிடலாம்.

கேட்பதற்கு நேர்த்தியான ஏற்பாடுதான். மறுமேம்பாடு இல்லாமலேயே வரி கூடியிருந்தால் அந்த 500 டாலரில் ஒரு பங்கு பள்ளிகளுக்குப் போயிருக்குமே என்பது ஒரு கேள்வி. அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம்: ‘நலிந்த வட்டாரம்’ என்ற முத்திரை, அங்குள்ள நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

கூரை போட்டார்கள்

தெருவை என்ன செய்யலாம் என்பதற்கு வந்த யோசனைகள் சில சுவாரசியமானவை. வெனிஸ் நகரைப்போல் தெருவைக் கால்வாயாக மாற்றிப் படகு விடலாம் என்றார்கள். தொலைக்காட்சித் தொடரில் வரும் ‘எண்டர்பிரைஸ்’ விண்கலத்தை முழு அளவில் கட்டி நிறுத்தலாம் என்ற திட்டமும் இறுதிச் சுற்றுவரை வந்தது. கடைசியில் ஜான் ஜெர்டி என்ற கட்டடக் கலைஞரின் யோசனை ஏற்கப்பட்டது. தெருவில் கார்களைத் தடுத்துவிட்டு, நடைபாதையாக்கி, தலைக்கு மேல் 90 அடி உயரத்தில் வளைந்த கூரை ஒன்றை நான்கு குறுக்குத்தெரு நீளத்துக்குப் போட்டு, அந்தக் கூரையையே பெரிய ஒளித்திரையாக்குவது.

‘ஃப்ரீமோன்ட் ஸ்ட்ரீட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற பெயரில் அது 1995 டிசம்பரில் திறக்கப்பட்டது. செலவு 70 மில்லியன் அமெரிக்க டாலர். தெருவிலிருந்த சூதாட்டக்கூடங்கள் சேர்ந்து அமைத்த நிறுவனமும், நகரத்தின் மறுமேம்பாட்டு அமைப்பும், சுற்றுப்பயணிகளின் ஹோட்டல் அறை வரியால் இயங்கும் மாநாட்டு, வருகையாளர் ஆணையமும் பணம் போட்டன. தெரு நகரத்துக்குச் சொந்தம். அதை நடத்தும் பொறுப்பு சூதாட்டக்கூடங்களின் நிறுவனத்துக்கு.

கூரை போடும்போது வேகஸ் விக் இடித்தான். அவன் தொப்பியின் விளிம்பை வெட்டித்தான் அவனை உள்ளே அடக்க முடிந்தது.

கூட்டம் திரும்பி வந்தது உண்மை. முதலில் சுமார் இரண்டு மில்லியன் சாதாரண விளக்குகளால் இயங்கிய கூரை, 2004-இல் எல்இடி விளக்குகளுக்கு மாற்றப்பட்டது. 2019-இல் 32 மில்லியன் டாலர் செலவில் மறுபடியும் புதுப்பிக்கப்பட்டு, பகலிலும் படம் தெரியும் அளவுக்குப் பிரகாசம் கூட்டப்பட்டது. ஆனால் கூரை மட்டும் ஒரு கூடத்தையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு ஹார்ஸ்ஷூவே சான்று. தொழிற்சங்கத்தின் மருத்துவ, ஓய்வூதிய நிதிகளுக்குக் கட்டவேண்டிய தொகை பாக்கி நின்றதால் 2004 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்ற அதிகாரிகள் உள்ளே புகுந்து ரொக்கத்தைப் பறிமுதல் செய்தார்கள். கூடம் மூடப்பட்டது. அதை வாங்கிய ஹாரா நிறுவனம் ஹார்ஸ்ஷூ என்ற பெயரையும் போக்கர் தொடரையும் தன் வசம் வைத்துக்கொண்டு, கட்டடத்தை வேறொருவருக்குக் கொடுத்தது. மாதச் சம்பளத்துக்கு அந்தக் கூடத்தை நம்பியிருந்த தொழிலாளர்கள் சில மாதங்கள் வெளியே நின்றார்கள்.

கார் நிறுத்துமிடத்துக்காக ஒரு குடும்பத்தின் கடைகள்

கூரைக்குக் கீழே கூட்டம் வரவேண்டும் என்றால் அவர்கள் கார்களை எங்கே விடுவது? பலமாடிக் கார் நிறுத்துமிடம் தேவைப்பட்டது. அதற்குப் பார்த்த இடத்தில் சிறு வியாபாரிகளின் கட்டடங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, கிரேக்கக் குடியேறிகளின் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது. கணவர் காலமான பிறகு, அந்தச் சிறு கடைகளின் வாடகையை நம்பியே அந்தக் கைம்பெண்ணும் பிள்ளைகளும் இருந்தனர்.

1993-இல் மறுமேம்பாட்டு அமைப்பு நீதிமன்றத்தை நாடி, அந்த இடத்தை உடனடியாக எடுத்துக்கொள்ளும் உத்தரவைப் பெற்றது. கட்டடம் இடிக்கப்பட்டது. வழக்கு அதற்குப் பின்னும் நடந்தது. 1996-இல் மாவட்ட நீதிபதி ஒருவர், கையகப்படுத்தியது செல்லாது என்று குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் கடைகள் இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் அல்லவா நிற்கிறது! 2003-இல் நெவாடா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வட்டாரத்தின் நலிவைப் போக்குவது பொதுநோக்கமே என்பதும், தனியார் ஆதாயம் பெற்றாலும் அந்தப் பொதுநோக்கம் கெட்டுவிடாது என்பதும் அந்த நீதிமன்றத்தின் நிலை. 2004-இல் இருதரப்பும் 4.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன.

பணம் கிடைத்ததே, பிறகென்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். இழப்பீடு வந்து சேரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பத்தாண்டு வழக்காடத் தெம்பில்லாத மற்ற கடைக்காரர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு வட்டாரம் முழுவதும் நலிந்தது என்று முத்திரை குத்தப்பட்டுவிட்டால், அதற்குள் ஒழுங்காக வாடகை ஈட்டிக்கொண்டு நிற்கும் கட்டடமும் நலிந்ததாகவே கணக்கிடப்படுகிறது. பள்ளிக்கூடத்துக்காகவோ மருத்துவமனைக்காகவோ நிலம் எடுத்தால் மக்கள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். சூதாட்டக்கூட வாடிக்கையாளர் கார் விடுவதற்காக ஒரு கைம்பெண்ணின் பிழைப்பை எடுப்பதைப் பொதுநலம் என்று சொல்ல, சட்டம் தெரிந்தவர்களுக்கே நிறைய வாதத்திறமை தேவைப்பட்டது.

அந்த மாநிலத்து மக்கள் அதை மறக்கவில்லை. 2005-இல் கனெடிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இத்தகைய கையகப்படுத்தலை அனுமதித்தபோது நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. நெவாடாவில் மக்கள் மனுவின் வழியாக அரசியல் சாசனத்தைத் திருத்த மக்கள் இருமுறை வாக்களிக்க வேண்டும். 2006-லும் 2008-லும் அவர்கள் அப்படி வாக்களித்தார்கள். ஒரு தனியாரிடமிருந்து எடுத்த நிலத்தை இன்னொரு தனியாருக்குக் கொடுக்கக்கூடாது என்பது அங்கே இப்போது அரசியல் சாசன விதி.

இந்த இடத்தில் சிங்கப்பூரின் மரினா பேயை நினைத்துப் பார்க்கலாம். ஒருங்கிணைந்த உல்லாசத்தளங்களை அனுமதிக்கும் முடிவு 2005 ஏப்ரல் 18-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மரினா பே சேண்ட்ஸ் 2010-இல் திறந்தது. அது எழுந்த நிலம் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலம். அங்கே யாருடைய கடையும் இல்லை, காலிசெய்யச் சொல்ல யாருடைய வீடும் இல்லை. மலேசியாவின் கெந்திங் மலையுச்சியில் நிற்பதும் அதே போலத்தான். காட்டு மலைக்குச் சாலை போட்டு மேலே கட்டினார்கள். இரண்டு நாடுகளுக்கும் கிடைத்த இந்தச் சௌகரியம் பழைய நகர மையத்தைச் சீரமைக்கும் எந்த ஊருக்கும் கிடைப்பதில்லை. அங்கே ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

தெரு யாருக்குச் சொந்தம்?

கூரைக்குக் கீழே வந்ததும் அது தெருவா, கடைத்தொகுதியா என்ற சந்தேகம் எழுந்தது. நடத்துபவர்கள் அதைக் கடைத்தொகுதியாகவே பார்த்தார்கள். துண்டுப் பிரசுரம் கொடுக்கக்கூடாது, நன்கொடை கேட்கக்கூடாது, மேசை போட்டுக் கையெழுத்து வாங்கக்கூடாது என்று விதிகள் வந்தன. மக்களுரிமைச் சங்கம் ஒன்று 1997-இல் வழக்குத் தொடுத்தது. 2003-இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கார்களைத் தடுத்தாலும், கூரை போட்டாலும், நடத்தும் பொறுப்பைத் தனியாரிடம் விட்டாலும் அது பொதுத் தெருவே; அங்கே பேசும் உரிமை மக்களுக்கு உண்டு. நன்கொடை கேட்பதற்கும் மேசை போடுவதற்கும் இருந்த தடைகள் 2006-இல் விழுந்தன.

இந்தத் தீர்ப்பினால் வந்த தொல்லைகளையும் மறைக்கக்கூடாது. வேடம் போட்டுக்கொண்டு படம் எடுக்க நின்று காசு கேட்பவர்கள், இசைக் கலைஞர்கள், சமயப் பிரசாரகர்கள், பிச்சை கேட்பவர்கள் எல்லோரும் கூடினார்கள். வருகையாளர்கள் முகம் சுளித்தார்கள். 2015-இல் நகர மன்றம் தரையில் வட்டங்கள் வரைந்து, கலைஞர்கள் அந்த வட்டத்துக்குள் குறிப்பிட்ட நேரம்தான் நிற்கலாம், யாருக்கு எந்த வட்டம் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும் என்று ஏற்பாடு செய்தது. சூதாட்டத் தெருவில் பிழைப்புக்கும் குலுக்கல்! என்றாலும் தடைசெய்வதைவிட வட்டம் வரைவது மேல்.

கடைகள் தோற்றன

கூரை வெற்றி பெற்றதும் நகரத்துக்குத் துணிச்சல் வந்தது. தெருமுனையில் ‘நியோனோபொலிஸ்’ என்ற கடைத்தொகுதி 2002-இல் சுமார் 100 மில்லியன் டாலர் செலவில் திறக்கப்பட்டது. அடியில் கார் நிறுத்துமிடத்துக்கு நகரம் உதவியது. கடைகள் நிற்கவில்லை. 2006-இல் அது கட்டிய செலவில் கால்பங்கு விலைக்குக் கைமாறியது. பிறகு திரையரங்கமும் மூடியது. காரணம் எளிது. சூதாட வருபவர் கடைக்குப் போவதில்லை. கடைக்குப் போகக்கூடிய உள்ளூர்வாசி அந்தப் பக்கம் குடியிருக்கவில்லை.

ரயில் கொட்டகையில் ஓர் அரங்கம்

திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1999-இல் மேயரான ஆஸ்கர் குட்மன் ஒரு காலத்தில் குற்றக் கும்பல்களுக்காக வாதாடிய வழக்கறிஞர். அப்படிப்பட்டவரை மேயராக்கும் துணிச்சல் லாஸ் வேகஸுக்கு உண்டு. அவர் காலத்தில் நகரம், தெருவுக்குப் பின்னால் கிடந்த 61 ஏக்கர் பழைய ரயில் நிலத்தைப் பெற்றது. எண்ணெயும் கழிவும் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்து, அங்கே சூதாட்டத்தோடு சம்பந்தமில்லாதவற்றைக் கொண்டுவந்தார்கள். நினைவிழப்பு நோய் உள்ளிட்ட மூளை நோய்களுக்கான மருத்துவ மையம், ஃபிராங்க் கெரி வடிவமைத்த நெளிந்த கட்டடத்தில் இயங்கத் தொடங்கியது. 2012 மார்ச்சில் ஸ்மித் கலை மையம் திறந்தது. அதன் பெரிய அரங்கில் ஏறத்தாழ 2,000 பேர் அமரலாம். அதற்கான பணத்தில் ஒரு பகுதி அறக்கட்டளை நன்கொடை, இன்னொரு பகுதி வாடகைக் கார்களின் மீது விதித்த வரி. அதாவது வருகையாளரின் பணத்தில் உள்ளூர்வாசிகளுக்கு ஓர் இசையரங்கம். மறுசீரமைப்பில் நகரம் செய்த புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று சொல்லலாம்.

அதே 2012 பிப்ரவரியில் பழைய கூட்டரசு நீதிமன்றக் கட்டடத்தில் குற்றக் கும்பல்களின் வரலாற்றைக் காட்டும் அரும்பொருளகம் திறந்தது. 1950-இல் செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு, சூதாட்டக்கூடங்களில் கும்பல்களின் பிடியை விசாரித்தது அந்தக் கட்டடத்தில்தான். இடித்துத் தள்ளும் ஊரில் ஒரு கட்டடமாவது நின்றதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

அதன்பின் ஒரு கோடீஸ்வரர் வந்தார். இணையத்தில் காலணி விற்கும் ஜாப்போஸ் நிறுவனத்தின் தலைவர் டோனி ஷே, 2012-இல் 350 மில்லியன் டாலர் ஒதுக்கி நகர மையத்தை மாற்றப்போவதாக அறிவித்தார். நிலத்துக்கு 200 மில்லியன், சிறுதொழில், கல்வி, தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் 50 மில்லியன். நகர மன்றம் காலிசெய்த பழைய தலைமைக் கட்டடத்துக்கே 2013-இல் தமது நிறுவனத்தை மாற்றினார். கப்பல் கொள்கலன்களை அடுக்கிக் கட்டிய கடைப் பூங்கா அந்த ஆண்டே திறந்தது. குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து உட்காரும் ஓர் இடம் ஃப்ரீமோன்ட் தெருவில் அமைந்தது அதிசயம்தான்.

ஆனால் தனிமனிதர் ஒருவரின் உற்சாகத்தில் நிற்கும் மறுசீரமைப்பு எவ்வளவு காலம் ஓடும்? 2014-லேயே ஆட்குறைப்பு வந்தது. வாங்கிய மனைகள் பல சும்மா கிடந்தன. தெருவின் கிழக்குப் பகுதியில் அவர் வாங்கியவற்றுள் பழைய மோட்டல்களும் உண்டு. வீட்டு முன்பணம் கட்ட இயலாதவர்கள் வார வாடகைக்கு ஒண்டிக்கொள்ளும் இடங்கள் இத்தகைய மோட்டல்கள்தாம். டோனி ஷே 2020 நவம்பரில், தமது 46-ஆவது வயதில் காலமானார்.

லாஸ் வேகஸ் இல்லாத லாஸ் வேகஸ் நிறுவனம்

சூதாட்ட நிறுவனங்களின் பற்று இடத்தின் மீது இல்லை என்பதற்குச் சிங்கப்பூர் நேயர்களுக்கு மிகவும் பழக்கமான உதாரணம் ஒன்று உண்டு. மரினா பே சேண்ட்ஸை நடத்துவது லாஸ் வேகஸ் சேண்ட்ஸ் நிறுவனம். தனது பெயரிலேயே அந்த ஊரைச் சுமக்கும் அந்நிறுவனம், ஸ்ட்ரிப்பில் இருந்த தனது சூதாட்டக்கூடங்களை 6.25 பில்லியன் டாலருக்கு விற்கும் ஒப்பந்தத்தை 2021-இல் செய்து, 2022 பிப்ரவரியில் கைமாற்றியது. தலைமை அலுவலகம் மட்டும் அங்கே இருக்கிறது. கூடங்கள் மக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. லாபம் எங்கே கூடுதலோ அங்கே போவது வணிகத்தின் இயல்பு. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. விட்டுச்செல்லும் ஊர் அதற்கு முன்பே என்ன வாங்கி வைத்துக்கொண்டது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூர், உள்ளூர்வாசிகளுக்கு நுழைவுக் கட்டணம் விதித்தது. நாளொன்றுக்கு 100 வெள்ளியாக இருந்த அது 2019 ஏப்ரலில் 150 வெள்ளி ஆனது. அந்தப் பணம் சமூக, அறப்பணிகளுக்குப் போகிறது. சூதாட்டத்துக்கு அடிமையானவரைத் தடைசெய்யும்படி குடும்பத்தாரே விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. இப்போது மரினா பேயில் நான்காவது கோபுரமும் 15,000 இருக்கை கொண்ட அரங்கமும் எழுகின்றன. 2025 ஜூலையில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஃப்ரீமோன்ட் தெருவின் கூடங்களுக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் புதுப்புது மாடிகள் எழுந்தன.

இன்றைய ஃப்ரீமோன்ட் தெரு

2020 அக்டோபரில், பெருந்தொற்றின் நடுவே, ‘சர்க்கா’ என்ற ஹோட்டல் ஃப்ரீமோன்ட் தெருவில் திறந்தது. நகர மையத்தில் அடித்தளத்திலிருந்து புதிதாக எழுந்த சூதாட்ட ஹோட்டல் அதற்கு முன் 1980-இல்தான் வந்தது. நாற்பது ஆண்டு இடைவெளி. இருபத்தோரு வயதுக்குக் குறைந்தவருக்கு அங்கே அனுமதி இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சூதாட்டக்கூடத்துக்குள் நடக்கும் காட்சி இல்லாமற்போனது நல்லதே.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2019 நவம்பரில், நகர மன்றம் இன்னொரு சட்டம் இயற்றியது. காப்பகத்தில் படுக்கை காலியாக இருக்கும்போது நகர மையத்தின் நடைபாதையில் படுத்துறங்கினால் அபராதம் அல்லது சிறை. எதிர்ப்பாளர்கள் மன்றத்துக்குள் வந்து குரல் எழுப்பினார்கள், சட்டம் நிறைவேறியது. 32 மில்லியன் டாலரில் கூரை புதுப்பிக்கப்பட்டதும், தரையில் படுப்பவரை எழுப்பச் சட்டம் வந்ததும் ஒரே ஆண்டில். காலி படுக்கை இருந்தால்தான் அபராதம் என்பதால், ஒவ்வோர் இரவும் எத்தனை படுக்கை காலி என்று கணக்கெடுக்கும் வேலையும் நகரத்தின் தலையில் விழுந்தது.

வேகஸ் விக் இன்னும் அங்கேதான் நிற்கிறான். அவன் விளம்பரப்படுத்திய பயனியர் கிளப் 1995-லேயே மூடப்பட்டுவிட்டது. காலடியில் நினைவுப் பொருள் கடை நடக்கிறது. கூரை வந்த காலத்தில், எதிரே இருந்த ‘வேகஸ் விக்கி’ என்ற மாட்டுக்காரி விளக்குப் பலகைக்கும் அவனுக்கும் ஊரார் விளையாட்டாகத் திருமணம் செய்து வைத்தார்கள். அவள் இருந்த கட்டடம் இடிந்து அந்த இடத்தில் சர்க்கா எழுந்தது. அவளைப் பழுதுபார்த்து அந்த ஹோட்டலின் உள்ளே மாட்டியிருக்கிறார்கள்.